பட்டியலில் இல்லாத தொகை

ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்வியைச் சில காலமாக மனசிலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை. கேள்வி எனக்கானதுகூட இல்லை. திருப்பூரில் எங்கள் தெருவை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், மூன்றாவதாக உண்டாகியிருக்கிறாள். மூத்தவளுக்கு 11 வயது, இளையவனுக்கு 7. "நாள் தள்ளிப் போனதே தெரியலைங்க்கா. ரெண்டு மாசமா நைட்டு வரைக்கும் வேலை. ஒடம்பு அசதின்னுதான் நெனச்சேன்" என்றாள். அவள் கணவர் பவர்டேபிள் டெய்லர். குடிக்காதவர், பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருப்பவர். பையனின் பழைய பள்ளி நோட்டில், எழுதாமல் விட்ட பக்கங்களில் அவர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஸ்கேன், ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோ, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, பிள்ளைப்பேற்று மருந்துச் சாமான், தொட்டில் கம்பி, கொசுவலை, வெள்ளிக் காப்பு, கொலுசு, பெயர் வைக்கிற அன்றைக்குச் சாப்பாடு. கடைசியில் 25,000 என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். எதையாவது விட்டிருக்கிறேனா பாருங்கள் என்று நோட்டை நீட்டினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. விலைகளும் ஏறக்குறைய சரி. ஆனால் மிகப் பெரிய ஒரு தொகை அந்தப் பக்கத்தில் இல்லை என்று அப்போதே உறுத்தியது. அது எதுவென்று சொல்ல உடனே வாய் வரவில்லை.

இந்த ஊரில் பணம் சனிக்கிழமைகளில் வருகிறது. மாதச் சம்பளக்காரர்களை நினைத்து எழுதப்படும் சேமிப்பு யோசனைகள் இங்கே யாருக்கும் உதவாமல் போவது அதனால்தான். சனி இரவு கைக்கு வந்தது ஞாயிறு காலை மளிகைக்கும் கறிக்கும் போகும். மிச்சத்தில் ஒரு பங்கு சீட்டுக்கு, ஒரு பங்கு மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைக்கு, ஒரு பங்கு வாடகைக்கு என்று எடுத்துவைத்த பிறகு, வியாழக்கிழமை பெட்ரோலுக்குப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியிருக்கும். கர்ப்பத்துக்கு 40 வாரம் என்று மருத்துவம் சொல்கிறது. இங்கே அதை 40 சனிக்கிழமை என்று எண்ணிக்கொள்ளலாம். யோசித்துப் பெற்றுக்கொள்பவர்களுக்கு அந்த நாற்பதுக்கும் முன்னால் வேண்டிய மட்டும் சனிக்கிழமைகள் இருக்கின்றன. இவளுக்குத் தெரியவந்தது 13-வது வாரத்தில். மிச்சம் 27. வாரத்துக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் 13,500. கணவர் போட்ட பட்டியலில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சரி, அந்த 500 எங்கிருந்து வரும்? வாடகையைக் குறைக்க முடியாது. குழுக் கடன் ஒரு வாரம்கூட நிற்காது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அந்தப் பார்வைகளைத் தாங்க முடியாது. பிள்ளைகளின் வேன் காசில் கை வைக்கமாட்டார்கள். கடைசியில் அது அவளுடைய தட்டிலிருந்துதான் வருகிறது. காலை முட்டை போயிற்று. கம்பெனி வாசலில் குடிக்கிற பால் போயிற்று. கொய்யாப்பழம் வாங்குவதை நிறுத்திக்கொண்டாள். குழந்தைக்காகச் சேர்ப்பதாக நினைத்து, குழந்தைக்கு இப்போதே போய்ச் சேர வேண்டியதை நிறுத்தியிருக்கிறாள். இதை யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கர்ப்பத்தை அவள் வெளியே சொன்னதே ஐந்தாம் மாதத்தில்தான். மூத்தவள் பெரியவளாகப் போகிற வயசில் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதா என்ற கூச்சம். துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சூப்பர்வைசரிடம் சொன்னால், "போயிட்டு, எல்லாம் முடிஞ்சப்பறம் வாம்மா" என்று அன்றைக்கே கணக்கை முடித்துவிடுவார். அவள் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டில் இருப்பவள். நகர்ப்புறச் செவிலியருக்குத் தெரியாது, அம்மா வீட்டுக்கும் தெரியாது. எதிர்பாராமல் வருகிற கர்ப்பம் தாமதமாகக் கண்டறியப்படும், தாமதமாகச் சொல்லப்படும். அதன் இயல்பே அதுதான். ஆனால் நம் உதவித் திட்டங்கள் எல்லாம் நாள் தள்ளிய மறு வாரமே செவிலியரிடம் போய்ப் பெயர் கொடுக்கிற ஒரு பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கி, 2018-இல் 18,000 ரூபாய்க்கு வளர்ந்தது: 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதன் முதல் தவணை, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தவருக்கு என்று 2018-இல் வகுக்கப்பட்டது. திட்டம் முழுவதும் முதல் இரண்டு பிரசவங்களோடு முடிந்துவிடுகிறது. முதல் குழந்தையோ இரண்டாவதோ எதிர்பாராமல் வந்திருந்தால், கூச்சத்தை விட்டு நேரத்தோடு சொல்லியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். மூன்றாவது என்றால் சொல்லியும் பயனில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய ஔவை இல்லம், போக இடமில்லாத பெண் குழந்தைகளை எத்தனையாவது என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டது. அவர் பெயரைத் தாங்கிய திட்டம் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

பிரசவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி எல்லாம் இலவசம். மத்திய அரசு 2011-இலேயே அதை உரிமையாக்கிவிட்டது. குழந்தை கையில் வந்த நேரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டு நிற்கிறவர்களுக்கும் கொஞ்சம் நோட்டுகளை முடிந்துவைத்துக்கொண்டு போகிறார்கள் என்பதையும் இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். பட்டியலில் கணவர் எழுதத் துணியாதது ஒன்று உண்டு: கத்தி வைத்தால் என்ன ஆகும்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை மூலம் நடக்கிறது. தனியார் மருத்துவமனையில் அது 63.8, அரசு மருத்துவமனையில் 36. பாதிக்குச் சற்றே குறைவான வாய்ப்புள்ள ஒன்றை வராது என்று எண்ணிக் கணக்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் அறுவைக்கும் காசில்லைதான். ஆனால் அதன் பிறகு குடம் தூக்கக் கூடாத, துணி அடித்துத் துவைக்கக் கூடாத, குனிந்து பெருக்கக் கூடாத வாரங்கள் வருகின்றன. அந்த வாரங்களில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும், அந்த ஒருவரின் கூலி போகும். காப்பீடு எடுக்கலாமா என்று கணவர் கேட்டார். பிரசவச் செலவைத் தருகிற பாலிசிகளுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. வயிற்றில் கரு தங்கிய பிறகு வாங்கினால் இந்தப் பிரசவத்துக்கு உதவாது. பாலிசிக்குக் கட்ட நினைக்கிற பணத்தைத் தபால் அலுவலகக் கணக்கில், அவள் பெயரிலேயே போட்டுவையுங்கள் என்றேன். கையில் இல்லாமல் நெருக்கிவிட்டால், மீட்டர் வட்டிக்கோ இன்னொரு வாரக் கடனுக்கோ போகாமல் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைப்பது மேல் என்றும் சொன்னேன். சொல்லும்போது அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

குழந்தைக்கு என்று தனியாக வேண்டியவை மிகக் கொஞ்சம். சிக்கனம் தன் வேலையைச் செம்மையாகச் செய்வது அங்கேதான். நாலைந்து பழைய வேட்டிகளைக் கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் மொரமொரவென்று காயவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டால் மாதக்கணக்கில் ஓடும். நைந்த நூல் சேலைக்கு இருக்கிற மென்மை கடையில் எந்தத் துணிக்கும் இல்லை. தூளி கட்ட அதைவிட நல்லது கிடையாது. தொட்டில் கம்பியை லைன் வீட்டில் யாராவது வைத்திருப்பார்கள். பாலாடை, வசம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் சில்லறைக் காசு. பனியன் ஊர் என்பதால் மிச்சத் துணியில் தைத்த குட்டிச் சட்டைகள், ஏற்றுமதிக்குப் போகாமல் கழித்துவிட்டவை, ஒரு பை நிறைய வந்து சேர்ந்தன. அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை. புதுத் துணிக்கே உரிய கஞ்சி வாசனை அந்தப் பையைத் திறந்ததும் அறை முழுக்க வந்தது, அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். தடுப்பூசிகள் புதன்கிழமைகளில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் அதற்கும் கட்டணம் இல்லை. தாய்ப்பால் இருக்கும்வரை டப்பாப் பால் வாங்க வேண்டாம். ஆனால் தாய்ப்பால் சும்மா வருவதில்லை, அவள் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட வேண்டும். வெள்ளிக் காப்பையும் கொலுசையும் அடித்துவிடலாமே என்றபோது கணவர் தயங்கினார். மூத்த இரண்டுக்கும் தாய்மாமன் போட்டார், இதற்குப் போட யாரும் இல்லை, வெறும் கையோடு இருந்தால் பாவமாக இருக்கும் என்றார். மூன்றாவதுக்குத் தாய்வீட்டுச் சீர் வராது என்பது எழுதாத விதி. அந்த ஒரு வரியை மட்டும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. கறுப்புக் கயிறு போதும் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். எதிர்பாராமல் வந்த பிள்ளைக்கும் மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்று நினைக்கிற தகப்பனின் மனசு அது.

விட்டுப்போன தொகை என்ன என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அவளுடைய கூலி. ஒரு நாளைக்கு 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 2,700. பிரசவத்துக்கு முன்னால் மூன்று மாதம், பின்னால் ஆறு மாதம், சேர்த்து 39 வாரம் அவள் வேலைக்குப் போகாவிட்டால் 1,05,300 ரூபாய். பட்டியலின் மொத்தத் தொகையைப் போல நாலு மடங்கு. தொட்டில் கம்பிக்கு விலை எழுதத் தெரிந்த, நேர்மையான, அன்பான ஒரு மனிதருக்கு இது ஏன் கண்ணில் படவில்லை? அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. அவளுக்கும் படவில்லை. முதல் வாசிப்பில் எனக்கும் சட்டென்று பிடிபடவில்லையே. கையிலிருந்து போகிற காசைச் செலவு என்று எழுதப் பழகியிருக்கிறோம். கைக்கு வராமல் நின்றுபோகிற காசை, அது பெண்ணின் கூலியாக இருக்கும்போது, இயற்கை என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஏன் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "ஒரு மாசம் வெயிட் தூக்கக் கூடாதுன்னாங்க. அந்த ஒரு மாசம் யாருங்க்கா சோறு போடுவா?" என்றாள். ஆண்களுக்கான அறுவை அதைவிட எத்தனையோ எளிது, அன்றைக்கே வீடு திரும்பலாம். அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. நாலு வாரக் கூலியை விட முடியாததால் தள்ளிப்போட்டது, இன்று 39 வாரக் கூலியாகத் திரும்பி வந்து நிற்கிறது. அவளிடம் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் நிலைமை வேறு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது உண்டு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் பேறுகாலத்துக்கு முழுக் கூலி கிடைக்கும். கான்ட்ராக்டர் அவள் பெயரை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் கைக்கு வருவதை அவளும் அன்றைக்கு நல்லதாகவே நினைத்திருக்கிறாள். பேறுகாலப் பணத்தை இழந்ததற்கு அந்தப் பதிவேடு காரணம், அவளுடைய ஊதாரித்தனம் எதுவும் இல்லை. கர்ப்பமான பிறகு வந்து பணத்தைத் திட்டமிடச் சொல்லும் அறிவுரைகள் இந்த இடத்தில் வாயடைத்துப் போகின்றன.

குழந்தை பிறந்த பிறகு என்ன செய்வாள் என்று யோசிக்கும்போது வேறொரு முகம் குறுக்கே வருகிறது. ஆறு மாதம் அவள் வீட்டில் இருக்கப் போவதில்லை. மூன்றாம் மாதமே போய்விடுவாள், போக வேண்டியிருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று பேறுகால விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்திலேயே விதித்தார்கள். செக்கிங்கும் மடிப்பும் நடக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளில் அத்தனை பேர் கணக்கில் இருப்பதில்லை. அங்கன்வாடியில் இரண்டு வயது தாண்டியவர்களைத்தான் சேர்ப்பார்கள். மாமியார் ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார், வரமாட்டார். மிச்சம் இருப்பவள் 11 வயதுக்காரி. "பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போம்மா" என்று அந்தப் பெண் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். அவள் அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதலில் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு மட்டம் போடுவாள், பிறகு பரீட்சை இல்லாத நாட்களில், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில். எட்டாம் வகுப்பு வரும்போது கணக்கில் பின்தங்கிவிட்டாள் என்று டீச்சர் சொல்வார். அதற்கும் இந்தக் குழந்தைக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவிருக்காது. எதிர்பாராத குழந்தைக்கான செலவில் ஒரு பகுதியை அந்த வீட்டின் மூத்த பெண்கள் காலகாலமாகக் கட்டிவருகிறார்கள். அதை எந்த நோட்டில் எழுதுவது? அந்தத் தகப்பனிடம் இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்: கொலுசு வேண்டுமானால் வாங்குங்கள், ஆனால் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லைன் வீட்டிலேயே ஒரு பாட்டியம்மாவுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி, அதைப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள்.

இப்படியெல்லாம் ஒரு உயிரைக் காசில் வைத்துப் பேசலாமா என்ற சந்தேகம் எனக்கு இன்னமும் தீரவில்லை. நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து, பழைய நோட்டைப் புரட்டி, தன் வருகை இத்தனை கலக்கத்தோடு கூட்டிக் கழிக்கப்பட்டதைப் படித்தால் என்ன நினைக்கும்? நம் வீடுகளில் "நீ நாங்க எதிர்பாக்காம வந்தவன்டா" என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறோம். பாசத்தோடுதான் சொல்கிறோம், ஆனாலும் அந்தச் சொல் எங்கேயோ போய்த் தங்கிவிடுகிறது. கடன் முற்றுகிற நாட்களில் அதே சொல் வேறு தொனியில் வரும். அப்படி வராமல் இருக்க வேண்டுமானால் இப்போதே எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடுவதுதான் நல்லது என்றும் தோன்றுகிறது. பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்ட வீடுகளில்தான் பின்னால் பிள்ளை மேல் பழி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அவளுக்கு வழி இருந்தது. 1971 முதல் சட்டம் இருக்கிறது. கருத்தடை முறை பலனளிக்காமல் தங்கிய கருவை 20 வாரம் வரை கலைத்துக்கொள்ள, திருமணமானவளா இல்லையா என்ற பேதமில்லாமல் எந்தப் பெண்ணுக்கும் 2021 திருத்தம் இடம் தருகிறது. அதையும் யோசித்தாள், அழுதாள், பிறகு பெற்றுக்கொள்கிறேன் என்றாள். வேறு விதமாகச் சொல்லியிருந்தாலும் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன். 2015-இல் இந்தியாவில் உண்டான 4.81 கோடி கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி எதிர்பாராதவை என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு நேர்வதை ஒரு பெண்ணின் அஜாக்கிரதை என்று பேசுவதை நிறுத்தியாக வேண்டும்.

2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது நாடே கொண்டாடியது. அதே திருத்தத்தில், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான் என்று எழுதியிருந்ததை அப்போது அதிகம் பேர் பேசவில்லை. இஎஸ்ஐ-யிலும் அதே அளவுதான். மாநிலத் திட்டம் இரண்டோடு நிற்கிறது. மூன்றாவது பிள்ளை பெறுபவளைத் தண்டித்தால் மக்கள்தொகை குறையும் என்று நம்பிய காலத்தின் மிச்சம் இது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8-க்கு இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையை மனத்தில் வைத்து, மணமக்கள் சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மேடையில் சொன்னார். மேடையில் பிள்ளை பெறச் சொல்கிற அரசியல், மூன்றாவதாகப் பெற்றவளை 12 வாரத்தில் வேலைக்கு அனுப்புகிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவளுக்கு அந்த 12 வாரமும் இல்லை. தையல் போட்ட வயிறு மூன்றாவது முறை வேகமாக ஆறிவிடுவதில்லை. மூன்றாவது குழந்தை மற்ற குழந்தைகளைவிடக் குறைவாகப் பால் குடிப்பதில்லை. மகப்பேறு நிதியிலும் பேறுகால விடுப்பிலும் இருக்கிற இந்த இரண்டு குழந்தை வரம்பை மத்திய, மாநில அரசுகள் நீக்க வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் இஎஸ்ஐ பதிவேட்டில் ஏற்ற வைக்க வேண்டும். கேட்க வேண்டியது தொழிற்சங்கங்களும் நாமும்தான்.